பக்கத்து வளவுக் கதையை நான் வெளியே சொல்ல வேண்டுமா?

கேள்வி: அக்கா, நான் முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருக்கிறேன், வயது 36, முன்பள்ளி ஆசிரியை. ஞாயிறுகளில் கோயிலில் மறைக்கல்வியும் படிப்பிக்கிறேன். போன மாதம் பிரசங்கத்தில் எங்கள் ஃபாதர், கருக்கலைப்பு நடப்பது தெரிந்தும் வாய் திறக்காதவர்களுக்கும் அந்தப் பாவத்தில் பங்கிருக்கிறது என்று சொன்னார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை வருவதில்லை. பக்கத்து வளவில் மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம், கணவர் கடற்தொழில். போன வருடம் அந்தப் பெண் கண் காட்டப் போவதாகச் சொல்லி வவுனியாவுக்குப் போய் இரண்டு நாளில் வந்தார். பிள்ளைகளை நான்தான் வைத்திருந்தேன். வந்த கோலத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், திரையில் படங்களும் போடப் போகிறார்கள், அவரும் வந்து இருப்பார். நான் பேசத்தான் வேண்டுமா? அவர் செய்ததை ஃபாதரிடமாவது சொல்லாவிட்டால் நானும் குற்றவாளியா? இந்தக் காலத்துப் பிள்ளைகளை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. என் மறைக்கல்வி வகுப்பில் பத்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை ஒரு மாதமாக வரவில்லை, கடைசியாக வந்த அன்றும் வாந்தி எடுத்துவிட்டு இடையில் எழும்பிப் போய்விட்டாள். தாய் வெளிநாட்டில், சித்தப்பா முறையான ஒருவருடைய பொறுப்பில் இருக்கிறாள், கேட்க ஆளில்லை. இவர்களுக்கு இப்போதே சொல்லி வைக்காவிட்டால் நாளைக்கு என்ன ஆகும்?

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் இரண்டு தரமும் பக்கத்து வளவுப் பெண்ணைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் எழுதின விதம் அப்படி. மூன்றாம் தரம்தான் கடைசி நாலு வரியில் என் கண் போய் நின்றது. அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் எல்லாவற்றிலும் அவசரமானது அதுதான், ஆகையால் இங்கே நிறுத்திவிட்டு நேரே கீழே போய் அதை முதலில் வாசித்துவிட்டு வந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

நான் 31 வருடம் குடும்பநல மாதாக, அதாவது மருத்துவிச்சியாக, வேலை செய்தவள். ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, இடம்பெயர்ந்து போன இடமெல்லாம், பிறகு செட்டிக்குளம் முகாம், மீள்குடியேற்றத்துக்குப் பிறகு மாங்குளம் பக்கம். சைவக்காரி, உங்கள் வேதத்தை உங்களுக்குப் படிப்பிக்க வரவில்லை. கரு ஓர் உயிர் என்று நீங்கள் நம்புகிறீர்கள், அதில் உங்களோடு வழக்காடவும் மாட்டேன். பன்னிரண்டு பதின்மூன்று கிழமையில் டொப்ளரை வயிற்றில் வைத்து அந்தக் குதிரை ஓடுகிற மாதிரிச் சத்தம் கேட்கும்போது தாயின் முகம் மாறுவதை எத்தனையோ தரம் பார்த்தவளுக்கு, அது ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வராது. அந்தச் சத்தத்தைக் கேட்கப் பயந்து தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்த பெண்களையும் அதே கட்டிலில்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஃபாதரிடம் சொல்ல வேண்டாம். ஒருத்தரிடமும் சொல்ல வேண்டாம்.

முதலில், உங்களுக்கு எதுவும் தெரியாது. கோலத்தைப் பார்த்து விளங்கிவிட்டது என்கிறீர்கள். தெரிந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து தானாகவே கலைந்துபோகிறது. தானாகக் கலைந்ததும் கலைத்ததும் வெளியே ஒரே இரத்தம், ஒரே வெளிறல், ஒரே களைப்பு. ஆஸ்பத்திரியில் டொக்டருக்கே பல வேளை பிரித்துச் சொல்ல முடியாததை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? கண்ணே காட்டப் போயிருக்கலாம், தெரியாது.

உங்கள் ஊகம் சரியென்றே வைத்துக்கொள்வோம். இந்த நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதினது. அதன் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் தவிர, மற்ற எல்லாக் கருக்கலைப்பையும் குற்றம் என்கிறது. மூன்று வருடம் வரைக்கும் மறியல், பிள்ளை அசையத் தொடங்கின பிறகென்றால் ஏழு வருடம் வரைக்கும். செய்தவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், தானே செய்துகொண்ட பெண்ணும் அதற்குள்தான் வருகிறாள். பலாத்காரத்தால் வந்த கருவானாலும், பிறந்து ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது என்று ஸ்கேனில் தெரிந்த கருவானாலும் சட்டம் அதேதான். ஆகவே நீங்கள் ஃபாதரின் காதில் போடும் ஒரு வசனம், அவருடைய காதோடு நின்றால் நல்லது, நிற்காவிட்டால் அது சந்திக் கடைக்குப் போய், கடையிலிருந்து யாரோ கோபக்காரன் வாயால் பொலிசுக்குப் போகும். அந்த மூன்று பிள்ளைகளையும் பிறகு நீங்கள் இரண்டு நாள் பார்த்தால் போதாது.

உங்கள் கோயில் பக்கமாகவும் ஒன்று சொல்கிறேன், பிழையென்றால் ஃபாதரிடம் கேட்டுத் திருத்துங்கள். கருக்கலைப்புப் பாவத்துக்கு மன்னிப்புக் கொடுக்கிற அதிகாரம் பல இடங்களில் ஆயரிடம் மட்டும் இருந்தது. 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் அதை எல்லாக் குருமாருக்கும் நிரந்தரமாகக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு மனச்சுமை இருந்தால், உங்கள் ஊர்க் கோயிலிலேயே பாவசங்கீர்த்தனத்தில் இறக்கி வைக்கலாம், அங்கே கேட்டது வெளியே வராது. அதற்குரிய கதவை உங்கள் சபையே அகலத் திறந்து வைத்திருக்கிறது, அதற்குள் போவதா என்பது அவருடைய பாடு. அவருக்குப் பதிலாக நீங்கள் போய் அவருடைய பாவத்தைச் சொன்னால் அதற்குப் பெயர் பாவசங்கீர்த்தனம் இல்லை, கோள்.

இனி, பேசாமல் இருப்பது பாவமா என்ற பெரிய கேள்வி. ஃபாதர் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். பேசாமல் இருந்து பழி சுமந்தவள் நான்.

2011. தறப்பாளும் தகரமும் போட்ட ஒரு கிளினிக். ஒரு மாதுக்கு ஏறக்குறைய 3000 பேர் என்று கணக்கு, அந்த நேரம் ஆளில்லாமல் இரண்டு பிரிவை நான் ஒருத்தியே பார்த்தேன். நிறுவை, திரிபோஷா சத்துமா, ஊசி என்று வரிசை படலை மட்டும் நிற்கிறது. வரிசையில் இல்லாமல் ஓரமாக நின்ற ஒரு பெண், கூட்டம் குறைந்த பிறகு கிட்ட வந்தாள். புருசன் 2009க்குப் பிறகு இல்லை, இருக்கிறாரா இல்லையா என்பதும் தெரியாது. "மிஸ், மாதம் தள்ளிப் போச்சு. குளிசை ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள். நான் நிமிர்ந்து பார்த்து, "உதெல்லாம் சட்டப்படி ஏலாது, தெரியும்தானே" என்றேன். சொல்லிவிட்டுப் பதிவேட்டில் அடுத்த பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான். சட்டத்தையும் மீறவில்லை, தர்மத்தையும் மீறவில்லை, எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

பதினேழு நாள் கழித்து அவளை ட்ராக்டர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். யாரோ ஒரு மனுசி உள்ளே எதையோ செலுத்தியிருக்கிறாள், கிருமி ஏறி, காய்ச்சலில் கதை தடுமாறுகிறது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி, கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். பிறகு மெல்ல மெல்ல வந்த கதை: உதவிப் பட்டியலில் பெயர் போடுகிறேன் என்று வீட்டுக்கு வந்துபோன ஒருவன். "வேண்டாம்" என்று சொன்னால் பட்டியலில் பெயர் இருக்காது. அவள் என்னிடம் குளிசை கேட்டபோது நான் கேட்டிருக்க வேண்டியது ஒரேயொரு கேள்வி, "என்ன நடந்தது, பிள்ளை?" அதற்கு அரை நிமிடம் போதும். நான் அவளுக்குக் குளிசை கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, கொடுக்க என்னிடம் இருக்கவுமில்லை. பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருத்தியிருந்தால் அவள் அந்த மனுசியிடம் போயிருக்கமாட்டாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த ஆளைப் பற்றியும் ஊரில் நாலு பேருக்குத் தெரிந்திருந்தது. அந்த நாலு பேரும் பிறகு அவளைப் பற்றித்தான் வாய் திறந்தார்கள், அவனைப் பற்றித் திறக்கவில்லை.

இலங்கையில் ஒரு நாளைக்கு 650க்கு மேல் கருக்கலைப்பு நடக்கிறது என்ற மதிப்பீடு பல வருடமாகச் சொல்லப்படுகிறது, 2016இல் சுகாதார அமைச்சின் கணக்காக வெளிவந்தது 658. மதிப்பீடுதான், ஒளித்துச் செய்வதை எண்ணுவது எப்படி. நான் பார்த்த அளவில், ஆய்வுகள் சொல்வதும் அதுதான், பெரும்பாலானவர்கள் கலியாணம் கட்டினவர்கள், வீட்டில் ஏற்கெனவே பிள்ளைகள் இருக்கிறவர்கள். "கெட்டுப்போன பெட்டை" என்று நாங்கள் மனதில் வைத்திருக்கும் படத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் பக்கத்து வளவுப் பெண் மாதிரித்தான், மூன்று பிள்ளை, கடலில் பிடிபட்டால் காசு, படாவிட்டால் இல்லை, கிழமைக்கு ஒரு நாள் நுண்கடன்காரன் படலையில் மோட்டார் சைக்கிளை நிப்பாட்டுவான். 1883ஆம் ஆண்டுச் சட்டம் இவர்கள் ஒருத்தரையும் மறித்ததாக எனக்குத் தெரியவில்லை. சுத்தமான இடத்துக்குப் போகவிடாமல் மறித்தது, காசுள்ளவர்களைத் தவிர.

சட்டத்தைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1995இல் பாராளுமன்றத்துக்கு ஒரு திருத்தம் வந்து திரும்பிப் போனது, 2017இலும் பலாத்காரம், கருவில் பாரிய குறைபாடு போன்றவற்றுக்கு மட்டும் இடம் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்து, உங்கள் ஆயர்கள் உட்பட மதத் தலைவர்கள் எதிர்க்க, கிடப்பில் போனது. அந்த அளவுக்காவது சட்டம் மாறவேண்டும் என்பது என் எண்ணம். நீங்கள் உடன்படமாட்டீர்கள், பரவாயில்லை, அதற்காக நீங்கள் எழுதாமல் விடவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பேசுங்கள். ஆனால் அந்தப் படங்களைப் போட விடாதீர்கள், இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அப்படிப்பட்ட படங்களில் அனேகமாக இருப்பது மாதம் கூடின கரு, நடப்பதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள் நடப்பது, ஆகவே முதல் பொய் அங்கேயே. அதைவிட, உங்கள் கூட்டத்தில் யார் யார் இருப்பார்கள் என்று ஒருக்கால் யோசித்தீர்களா? 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கருக்குள் கிடந்து, தண்ணியில்லாமல், பயத்தில், பசியில் கரு கரைந்துபோன பெண்கள் இருக்கிறார்கள். எட்டு மாதத்தில் செத்துப் பிறந்ததைத் துணியில் சுற்றி மணலில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு அன்று பின்னேரமே அடுத்த இடத்துக்கு நடந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். இப்போது நாற்பது தாண்டியிருப்பாள், உங்கள் ஊரிலும் அப்படி ஒருத்தி இருப்பாள், முன் வரிசையில் கூட இருப்பாள். அவளுக்கு முன்னால் அந்தப் படத்தை எந்த முகத்தோடு போடுவீர்கள்?

எங்கள் ஊர்ப் பெண்களின் வயிற்றைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். சண்டை முடிந்த கையோடு, இவ்வளவு சனத்தை இழந்துவிட்டோம், பெற்றுப் போடுங்கள் என்று மேடையில் சொன்னவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தர்கூட இரவில் பிள்ளைக்குப் பால்மா கரைத்திருக்கமாட்டார். 2013இல் கிளிநொச்சியில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு என்ற கரையோரக் கிராமங்களில் பெண்களை நிறுவைக்கு என்று கூப்பிட்டு, விளக்கம் கொடுக்காமல் கையில் ஜடெல் என்ற கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழும்பியது. அதற்குப் பிறகு எத்தனை வீட்டில் ஜடெல் என்ற சொல்லைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்கள் என்று எனக்குத்தான் தெரியும். ஒருத்தர் பெறு என்கிறார், ஒருத்தர் பெறாதே என்கிறார். உனக்கு எப்படியம்மா இருக்கிறது என்று கேட்கிற ஆளைத்தான் காணோம், நானும் அந்த 2011ஆம் ஆண்டு கேட்கவில்லை.

ஆகையால் கூட்டத்தில் பேசுவதென்றால் ஆம்பிளையளை இருத்தி வைத்துப் பேசுங்கள். பெற்றோர் கூட்டம் என்றால் தாய்மார்தான் வருவார்கள், தகப்பன்மாரையும் வரச்சொல்லி ஃபாதரைக் கொண்டே சொல்விக்கலாம், அவர் சொன்னால் வருவார்கள். உங்கள் சபை இயற்கை முறையைத்தான் ஏற்கும் என்று தெரியும், அந்த முறைக்கே புருசன் ஒத்துழைக்க வேண்டும், குடித்துவிட்டு வந்து நிற்கிறவனிடம் நாள் கணக்குச் சொல்ல முடியாது என்பதைச் சபையிலே ஒருத்தி எழும்பிச் சொன்னால் அதுதான் எனக்கு வாய் திறத்தல். மற்ற முறைகளைப் பற்றி உங்கள் வாயால் சொல்ல மனமில்லையென்றால், உங்கள் பிரிவுக் குடும்பநல மாது கிளினிக்கில் இருப்பார், கேட்டால் சொல்வார் என்று மட்டும் சொல்லுங்கள், போதும். பலாத்காரம் நடந்தால் 72 மணித்தியாலத்துக்குள் போடுகிற அவசரக் குளிசை ஃபாமசியில் இருக்கிறது, அது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது, ஏற்கெனவே தங்கின கருவைக் கலைக்காது. பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அடி, வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு நட்பு நிலையம் என்று ஒரு இடம் இருக்கிறது. பெண்களுக்கான அவசரத் தொலைபேசி 1938.

இன்னொன்று. எப்படி நடந்திருந்தாலும், கரு கலைந்த பிறகு காய்ச்சல், கெட்ட மணம், நிற்காத வயிற்று நோ, மணித்தியாலத்துக்கு இரண்டு பெரிய பாட் நனைகிற அளவு இரத்தம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி, 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். பொலிசுக்குப் பயந்து வீட்டில் கிடந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். வந்தவளைக் கவனிப்பதுதான் ஆஸ்பத்திரியின் வேலை. இதை ஒரு மறைக்கல்வி ரீச்சர் கோயில் மண்டபத்தில் சொன்னால் அது கருக்கலைப்புக்கு ஆதரவு ஆகிவிடாது, யாராவது அப்படிச் சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள்.

பக்கத்து வளவுக்காரரிடம் எதையும் கேட்க வேண்டாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உங்களிடம்தான் விட்டுப் போனார், அதுவே உங்களுக்குக் கொடுத்த மதிப்பு. கறி மிஞ்சினால் வேலிக்கு மேலால் கொடுக்கிற மாதிரி இருந்தபடி இருங்கள், அவருக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தால் ஒரு நாள் தானாகச் சொல்லுவார், சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இனி அந்தப் பிள்ளை.

பத்தாம் ஆண்டு என்றால் 14, 15 வயது. ஒரு மாதமாக வரவில்லை, வாந்தி, தாய் வெளிநாட்டில், சித்தப்பா முறை. நீங்கள் இதை "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்ற தலைப்பில் போட்டுவிட்டீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. காஸ்ட்ரிக்காக இருக்கலாம், தாயின் ஏக்கமாக இருக்கலாம், அத்தை வீட்டுக்குப் போயிருக்கலாம், இருந்தால் மிக்க நல்லது. ஆனால் நீங்கள் வாய் திறக்க வேண்டிய கடமை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இங்கேதான், ஞாயிறு மட்டும் பார்த்திருக்கவும் கூடாது.

நீங்களே போங்கள், தனியே போங்கள். முதலில் பள்ளிக்கூட வகுப்பாசிரியரிடம் அவள் அங்கேயாவது வருகிறாளா என்று கேளுங்கள். வீட்டுக்குப் போனால் அந்த ஆளின் முன்னால் ஒன்றும் கேட்காதீர்கள், வகுப்புக்குக் காணவில்லை, சுகமில்லையோ என்று பார்க்க வந்தேன் என்று மட்டும் சொல்லி, கிணற்றடியிலோ ஒழுங்கையிலோ அவளோடு தனிய ஐந்து நிமிடம் எடுங்கள். "ஆர்? எப்ப? எங்க?" என்று பொலிஸ் மாதிரிக் கேட்க வேண்டாம். அப்படி ஏதும் நடந்திருந்தால் அவள் அதைப் பிறகு டொக்டருக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் சொல்ல வேண்டி வரும், உங்களுக்கும் ஒரு தரம் சொல்லத் தேவையில்லை. பயமாக இருக்கிறதா, வீட்டில் யாராலும் கரைச்சல் இருக்கிறதா, இதுவே கூட. அவள் சொன்னால் நம்புங்கள். ஒருத்தரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் பண்ணாதீர்கள், ஏனென்றால் சொல்லத்தான் வேண்டும். 16 வயதுக்குக் கீழே என்றால் பிள்ளை சம்மதித்தாலும் அது பலாத்காரம்தான், 1995இல் இருந்து சட்டம் அப்படி.

ஏதும் தெரிந்தால் 1929, சிறுவர் அவசர இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், பொலிஸில் சிறுவர் பெண்கள் பிரிவு இருக்கிறது. உங்கள் பிரிவு மாதுக்கும் சொல்லுங்கள், முழுகாமல் இருக்கிறாளா என்று பார்ப்பது எங்கள் வேலை. அப்படி இருந்தாலும் இப்போதுள்ள சட்டத்தில் அவளுக்குப் பெரிய தெரிவு ஒன்றும் கிடையாது, ஆனால் அதை டொக்டர்மார் அவளுடைய உயிரையும் உடம்பையும் பார்த்துச் சொல்லட்டும், கோயில் மண்டபத்தில் தீர்மானிக்கிற விசயம் இல்லை.

ஊர்ப் பெரியாக்கள் கூடி, மானம் போகாமல் யாருக்காவது கட்டிவைப்போம் என்று வருவார்கள். அதற்கு ஒத்துப்போகாதீர்கள். 2007, 2008இல் இயக்கத்தின் ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதினாறிலும் பதினேழிலும் தாலி கட்டிவைத்த பிள்ளைகளின் பேறு பார்த்தவள் நான், அந்தக் கலியாணங்கள் பலது என்ன ஆனது என்று உங்களுக்கும் தெரியும். சட்டப்படியும் 18க்கு முதல் கலியாணம் இல்லை.

நாளைக்கு முன்பள்ளி விட்டதும் போங்கள். வெறுங்கையோடு போகாமல் ஒரு பணிஸாவது வாங்கிக்கொண்டு போங்கள், சுகமில்லாத பிள்ளையைப் பார்க்கத்தானே போகிறீர்கள். ஞாயிற்றுக் கூட்டம் ஒரு கிழமை தள்ளிப் போனாலும் பரவாயில்லை.